"வெளியே விடணுமா, ஸ்டேஷனுக்கா?"

காவலர் என்னிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். "மேடம், வெளியே விடணுமா, ஸ்டேஷனுக்கா?" நான் யோசிக்கவே இல்லை. "ஸ்டேஷனுக்கே கூட்டிட்டுப் போங்க" என்றேன். அந்த வார்த்தையால் ஒரு மனிதரின் ஓட்டு போனது. அது என் தப்பு என்று அன்று இரவுதான் புரிந்தது.

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. அதற்கு முந்தைய தேர்தல்களில் இரண்டாம் அலுவலராக உட்கார்ந்து விரலில் மை வைத்திருக்கிறேன், பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக அதுதான் முதல் முறை. பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியே பேசினார்கள். அந்தத் தேர்தலில்தான் எல்லாச் சாவடிகளுக்கும் விவிபேட், அதாவது போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் இயந்திரம், வந்தது. எந்த ஒயரை எங்கே செருகுவது, சீல் எப்படி வைப்பது, மாதிரி ஓட்டுகளை அழிக்க மறந்தால் என்ன ஆகும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். சாவடிக்குள் ஒருவர் கத்தினால் என்ன செய்வது என்பது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. "போலீஸ் இருப்பாங்க, சொன்னா போதும்" என்றார்கள். என் மனதில் நின்றதும் அந்த வரிதான்.

காலை 11.30 மணி இருக்கும். இரண்டாம் வகுப்பு அறைதான் சாவடி. வாசல் வரை வரிசை நின்றது, உள்ளே அனல். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், தோளில் துண்டு, கையில் பூத் சிலிப்போடு முதல் அலுவலர் முன்னால் வந்து நின்றார். அலுவலர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஓட்டு போட்டாச்சே ஐயா" என்றார்.

"யாரு போட்டது? நான் இப்பத்தான் வர்றேன்."

"கோடு போட்டிருக்கே."

அவர் இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மை இருக்கா பாருங்கம்மா. நல்லாப் பாருங்க." ஆள்காட்டி விரல் நகத்தைச் சுற்றிக் காய்ந்த மண் இருந்தது, மை இல்லை. அந்த விரலை நான் பார்த்தேன். பார்த்தும் என் கவனமெல்லாம் வேறிடத்தில். பின்னால் வரிசை முண்டியது, கட்சி ஏஜென்ட்டுகள் எழுந்து நின்று ஆளுக்கொன்று பேசினார்கள், அவர் மேசையைத் தட்டிய தட்டில் பட்டியல் கீழே விழுந்தது. எனக்குப் பயமெல்லாம் இயந்திரத்து ஒயர் பிடுங்கிக்கொள்ளுமோ என்றுதான். காவலர் உள்ளே வந்தார், கேள்வியைக் கேட்டார், நான் பதில் சொன்னேன். புகார் வேண்டும் என்றார். ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் சாவடி அமைதியாகிவிட்டது. நன்றாகச் சமாளித்துவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பகல் 12.30 மணிக்கு அவருடைய மகள் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். வாசலில் நின்றபடியே, "டீச்சர், எங்கப்பா இனி ஓட்டுப் போட முடியாதா?" என்று கேட்டார். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார். நான் சொன்னேன்: "கேஸ் ஆயிடுச்சும்மா. இனி முடியாது." எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். எந்தக் கையேட்டிலும் அப்படி இல்லை. கைது என்றால் எல்லாம் போச்சு என்று பொதுவாக ஊரில் நினைக்கிறோமே, அதையே நானும் சட்டம் போலச் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிற்பகலில் கூட்டம் குறைந்த நேரத்தில் முதல் அலுவலர் பட்டியலோடு என் பக்கத்தில் வந்து குனிந்தார். அதே பாகத்தில் அதே பெயரில் இரண்டு பேர். தகப்பனார் பெயர் மட்டும் வேறு. காலை 8 மணிக்கு வந்தவர் மற்றவர். அவருக்குப் போட வேண்டிய கோட்டை இவர் பெயரில் போட்டிருக்கிறோம். பிழை முழுக்க எங்களுடையது. அந்தப் பெரியவர் கத்தியதில் நியாயம் இருந்தது.

இரவு எல்லாம் சீல் வைத்து, மண்டல அலுவலரின் வண்டிக்காகத் திண்ணையில் காத்திருந்தோம். காவலரிடம் மெதுவாகக் கேட்டேன், காலையில் போனவர் என்ன ஆனார் என்று. "மூணு மணிக்கே ஜாமீன்ல விட்டுட்டாங்க மேடம். நேரா வீட்டுக்குப் போயிட்டாரு."

மூன்று மணி. வாக்குப்பதிவு முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்திருக்கிறது. அவர் வந்து ஓட்டுப் போட்டிருக்கலாம். முடியாது என்று சொல்லி அனுப்பியவள் நான்.

அடுத்த வாரம் கையேட்டையும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தையும் எடுத்து வைத்துப் படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். சாவடியில் உட்காரும் ஆசிரியர்களுக்கும், வரிசையில் நிற்கும் யாருக்கும் இது உதவும்.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. பிரிவு 131, சாவடியிலோ அதன் அருகிலோ கூச்சல் போடுவது, ஒலிபெருக்கி வைப்பது, வருகிறவர்களுக்குத் தொந்தரவாகவும் அலுவலர்களின் வேலைக்கு இடைஞ்சலாகவும் நடந்துகொள்வது பற்றியது. 3 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதில்தான் தலைமை அலுவலருக்கு ஒரு பெரிய அதிகாரம் இருக்கிறது: இவரைக் கைது செய்யுங்கள் என்று காவலரிடம் சொன்னால் காவலர் செய்தே ஆக வேண்டும். அடுத்தது பிரிவு 132. சாவடிக்குள் தவறாக நடப்பவரை, சொன்ன பேச்சைக் கேட்காதவரை வெளியேற்றலாம். வெளியேற்றுவதோடு சரி, கைது இல்லை. அதன் இரண்டாவது உட்பிரிவைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தச் சாவடியில் ஓட்டுப் போட உரிமையுள்ள ஒருவருக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பே இல்லாமல் போகும்படி இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது.

அதாவது ஒருவரை வெளியே அனுப்பினாலும் அவர் ஓட்டு அவரிடம்தான் இருக்கிறது. கோபம் தணிந்தபின் மறுபடி உள்ளே அழைத்து ஓட்டுப் போட வைக்க வேண்டியது எங்கள் கடமை. வெளியேற்றப்பட்டவர் அனுமதி இல்லாமல் தானாகத் திரும்பி நுழைந்தால் அது குற்றம், அதற்கும் 3 மாதம் வரை சிறை உண்டு. அதனால் கேட்டிலேயே நின்று, "தலைமை அலுவலரிடம் கேளுங்க, நான் ஓட்டுப் போடணும்" என்று காவலர் மூலம் சொல்லி அனுப்புவதுதான் சரியான வழி.

கைது என்றால் கதை வேறு. பிரிவு 62, உட்பிரிவு 5: சிறையில் இருப்பவரும், போலீசாரின் சட்டபூர்வமான காவலில் இருப்பவரும் எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட முடியாது. தண்டனைக் கைதியா, விசாரணைக் கைதியா என்ற வித்தியாசமே இல்லை. இது நியாயமா என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அனுகூல் சந்திர பிரதான் வழக்கில் 1997இல் அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பானது. குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவருக்கும் இந்தத் தடை பொருந்துவது எனக்கு இன்றும் உறுத்தல்தான். சிறையில் இருந்தபடியே வேட்பாளராக நிற்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம். 2024இல் காஷ்மீரின் பாராமுல்லா தொகுதியில் இன்ஜினியர் ரஷீத் திகார் சிறையில் இருந்துகொண்டே ஜெயித்தார். ஆனால் விசாரணைக் கைதியாக உள்ளே இருப்பவர் தன் ஓட்டைப் போட முடியாது.

ஆனால் அந்தப் பிரிவை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தால் தெரியும், தடை வழக்குக்கு இல்லை, காவலுக்குத்தான். எஃப்ஐஆரில் பெயர் இருப்பதால் ஓட்டுப் போகாது. ஜாமீனில் வந்துவிட்டால் ஓட்டு உண்டு. உள்ளே இருக்கும் நாட்களிலும் வாக்காளர் பட்டியலில் இருந்து பெயரை எடுக்க முடியாது, 2013இல் செய்த திருத்தம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குண்டர் சட்டம், தேசியப் பாதுகாப்புச் சட்டம் போன்ற தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு 62(5) பொருந்தவே பொருந்தாது. அவர்கள் தபால் ஓட்டுப் போடலாம். இதை அந்தக் குடும்பங்களிடம் யாரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் தேர்தல் அறிவித்தவுடனேயே சிறைக் கண்காணிப்பாளரிடமும் தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் எழுத்தில் கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் வேலைக்கு ஆகாது.

ஓட்டுரிமையே வருடக்கணக்கில் பறிபோகிற குற்றங்கள் வேறு. ஓட்டுக்குப் பணம், ஆள்மாறாட்டம் மாதிரியான தேர்தல் குற்றங்களில் தண்டனை ஆனால் பிரிவு 11ஏ-யின்படி 6 வருடத்துக்கு எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட முடியாது. வாங்குவதும் லஞ்சம்தான், கொடுப்பது மட்டும் இல்லை. வரிசையில் கத்திவிட்ட பெரியவரைக் கிரிமினல் போலப் பார்க்கிற நாம், ஊரில் இல்லாத மகனின் ஓட்டைப் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பிப் போட்டுவிட்டதாகச் சொல்பவரைச் சிரித்துக்கொண்டே கேட்கிறோம். சட்டத்தின் தராசில் எது கனம் என்று பாருங்கள்.

சரி, தேர்தல் அன்று வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் என்ன செய்வது? பதறாமல் முதலில் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அதையும் சொல்ல வேண்டும், உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 47, 48 பிரிவுகளில் இது இருக்கிறது. நான் முன்னால் சொன்ன 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 131 மட்டும் என்றால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். சன்ஹிதாவின் பிரிவு 478இன்படி ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்பது உரிமை, நாளைக்குக் கோர்ட்டுக்குப் போய்க் கேட்க வேண்டிய சலுகை இல்லை. ஆதார் அட்டையோடு ஜாமீன்தாரரைக் கையோடு கூட்டிப் போங்கள். ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்த ஜாமீனில் விடவும் அதிகாரம் இருக்கிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்தைச் சொல்லி, அதற்குள் விடும்படி மரியாதையாகக் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

முடியும் நேரத்துக்குள் வரிசையில் வந்து நின்றுவிட்டால் போதும். அந்த நேரத்தில் நிற்பவர்களுக்கு வரிசையின் கடைசி ஆளில் இருந்து தொடங்கி டோக்கன் கொடுப்போம். டோக்கன் வைத்திருப்பவர் எல்லோரும் போட்டு முடிக்கும்வரை சாவடி மூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாயால் கத்துவது வேறு, கை நீட்டுவது வேறு. அலுவலர் மேலோ காவலர் மேலோ கை பட்டு, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதாக வழக்குப் பதிந்தால் அது ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. அப்புறம் அன்று சாயங்காலம் ஓட்டுப் போடுவதை மறந்துவிட வேண்டியதுதான்.

"உங்க ஓட்டு போட்டாச்சு" என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அங்கே கேட்க வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது: டெண்டர் ஓட்டு. உங்கள் பெயரில் ஏற்கனவே ஓட்டுப் பதிவாகியிருந்தால், நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலருக்குத் திருப்தியாகப் பதில் சொன்னபின், உங்களுக்குக் காகித வாக்குச்சீட்டு தர வேண்டும். தனிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, சீட்டில் முத்திரை குத்தித் தந்தால் தனி உறையில் வைப்போம். இயந்திர ஓட்டுகளோடு அதை எண்ண மாட்டார்கள் என்பது உண்மை. அதனால் வீண் என்று நினைக்காதீர்கள். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் வெற்றி தோல்வி வித்தியாசம் 1 ஓட்டு. அங்கே டெண்டர் ஓட்டுகளை எண்ணுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பெரியவருக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான். என் பைக்குள் 20 சீட்டுகள் பிரிக்கப்படாமலேயே இருந்தன.

எங்கள் பக்கம் நான் மாற்றிக்கொண்டவை சிறிய விஷயங்கள். பெயரைப் படிக்கும்போது தகப்பனார் அல்லது கணவர் பெயரையும் சேர்த்துச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன், ஏஜென்ட்டுகளுக்கும் கேட்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று முந்தின நாள் இரவே பட்டியலைப் புரட்டிப் பென்சிலால் குறித்து வைக்கிறோம், அரைமணி நேர வேலைதான். மேசைக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி போட்டு வைக்கிறேன். பிரச்சனை என்று வருபவரை வரிசையில் இருந்து எடுத்து அதில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துப் பேசினால் பாதிச் சத்தம் அடங்கிவிடுகிறது. நிற்பவர் கத்துவது போல உட்கார்ந்தவர் கத்துவதில்லை. காவலரிடம் காலையிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பெயர் சொல்லிக் 'கைது' என்று சொன்னால் தவிர, எல்லாம் 'வெளியே'தான்.

2024 ஏப்ரல் 19, வேறு தொகுதி, வேறு சாவடி. காலையில் தெருமுனையில், கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் கைகலப்பு. சிலரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் 5.50 மணிக்கு அதில் ஒரு இளைஞர் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். சட்டைப் பையின் ஓரம் கிழிந்து தொங்கியது. பயந்து போயிருந்தார். அவருக்கு முன்னால் இருபது பேராவது இருந்தார்கள். 6 மணிக்குக் கடைசி ஆள் அவர்தான் என்பதால் முதல் டோக்கன் அவர் கைக்குத்தான் போனது.

அவர் முறை வந்ததும் ஒரு ஏஜென்ட் எழுந்தார். "மேடம், இவன் மேல காலைல கேஸ் போட்டிருக்கு. ஓட்டுப் போட விடக் கூடாது. ரூல்ஸ் இருக்கு."

"இப்ப இவர் போலீஸ் காவல்ல இருக்காரா?" என்றேன்.

"ஜாமீன்ல வந்திருக்கான்."

"அப்ப போடலாம்."

"ஆட்சேபம் பண்றேன் மேடம்."

"இவர் பட்டியல்ல இருக்கிற ஆள்தானாங்கறதுல உங்களுக்குச் சந்தேகம்னா இரண்டு ரூபாய் கட்டுங்க தம்பி, விசாரிக்கிறேன். வேற ஆட்சேபத்துக்கு இங்க இடமில்ல."

ஏஜென்ட் அந்த இளைஞரை ஒரு முறை பார்த்தார். ஒரே தெருவாம் இருவரும். பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

முதல் அலுவலர் பெயரைப் படித்தார், தகப்பனார் பெயரோடு. கோடு போட்டார். இளைஞர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இடது கையை நீட்டினார். விரல் முட்டியில் சிராய்ப்பு, லேசாக ரத்தம் காய்ந்திருந்தது. இரண்டாம் அலுவலர் காயத்தில் படாமல் நகத்தில் மை வைத்தார். அவர் தட்டிக்குப் பின்னால் போனார். பீப் சத்தம் வரும்வரை நான் கண்ட்ரோல் யூனிட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.